பதினெட்டுப் பேர் சம்பளமும் ஒரு கட்டைவிரலும்

கம்பி கட்டுகிறவன் வேலையை முடித்ததும் அதன்மேல் கான்கிரீட்டை ஊற்றி மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் அவன் அங்கே வேலை செய்தான் என்பதற்குக் கண்ணால் பார்க்கிற சாட்சி கிடையாது.

நான் சிங்கப்பூரில் பதினோரு வருடமாகக் கம்பி கட்டுகிறேன். புக்கிட் பாஞ்சாங் பக்கம் புது வீட்டில் குடியிருக்கிறவராக இருந்தால், உங்கள் காலுக்குக் கீழே நான் முறுக்கிய கட்டுக்கம்பி இருக்கலாம். நன்றி எதிர்பார்க்கவில்லை, சம்பளத்தை எதிர்பார்த்தேன். மாதக் கடைசியில் போனை எடுத்து எடுத்துப் பார்த்து, வங்கியிலிருந்து செய்தி வராமல், போனில்தான் கோளாறோ என்று அணைத்துப் போட்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். இது நம்மைப் போன்றவர்களுக்காக எழுதுவது.

எங்கள் கூட்டம் பதினெட்டுப் பேர். மூன்று மாதம் சம்பளம் வரவில்லை. எனக்கு அதில் வந்த சங்கடம் என்னவென்றால், ஊரில் என் வீடு தூண் மட்டத்தில் நின்றுபோயிருந்தது. குடியிருந்த வாடகை வீட்டைத் தைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சம்பளம் வந்தால் தளம் போடலாம். வராவிட்டால் என் மனைவி மல்லிகாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் நான்கு தூணுக்கு நடுவில்தான் பாய் விரிக்க வேண்டும்.

அடுத்த வாரம்

எங்கள் முதலாளியை நாங்கள் பாஸ் என்போம். பெரிய கம்பெனியிடமிருந்து கம்பி வேலையை மட்டும் எடுத்துச் செய்கிற சின்னக் கம்பெனி அவருடையது. சிடுசிடுப்பு கிடையாது. பார்த்தால் தோளில் தட்டுவார், ஊரில் பிள்ளைகள் சுகமா என்று கேட்பார். நாம் சம்பளத்தைக் கேட்கிற வரைக்கும் தங்கமான மனிதர். முதல் மாதம், பெரிய கம்பெனி பணம் போடவில்லை என்றார். இரண்டாம் மாதமும் அதையே சொன்னார். மூன்றாம் மாதம் காரணம் சொல்வதையே நிறுத்திவிட்டார். "நெக்ஸ்ட் வீக் கன்ஃபர்ம்" என்று ஒரே வரி, கூடவே ஒரு தோள் தட்டல். எனக்கு இடது தோள் தேய்ந்துபோனது.

நானும் சும்மா இருக்கவில்லை. பாஸிடம் வாங்கிய 'அடுத்த வார'த்தை அப்படியே ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டைக் கட்டுகிற கொத்தனார் ராசுவுக்குத் தூண் போட்ட கூலி பாக்கி. நல்ல பையன், கத்த மாட்டான். அவ்வப்போது தூண்களைப் படம் பிடித்து எனக்கு அனுப்புவான். வேலைக்கு நடுவில் அவசரமாகப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்திய பொம்மையைத் தட்டிவிட்டுப் போனைப் பைக்குள் போடுவேன். ஒருநாள் அவனே கூப்பிட்டுப் பேசினான். நான் வழக்கம்போல அடுத்த வாரம் என்றேன். அப்புறம் மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, இது போன மாசம் சொன்ன அடுத்த வாரமா, இல்ல புது அடுத்த வாரமா?"

அழாதீங்க, சிரிங்க

சிங்கப்பூர் கட்டுமானத் தளத்தில் காலையில் முதல் வேலை டூல்பாக்ஸ் மீட்டிங். எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து, இன்றைக்கு எங்கே விழலாம், எது தலையில் விழலாம் என்று பாடம் நடத்துவார்கள். எங்களுக்குப் பாடம் எடுத்தவர் சூப்பர்வைசர் சந்திரன். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், புக்கிட் பாஞ்சாங்கிலேயே வீடு. பாடம் முடிந்ததும் படம் எடுப்பார். ஹெல்மெட், பூட்ஸ், இடுப்பு பெல்ட் எல்லாம் தெரிய வேண்டும். அன்றைய தேதி எழுதிய பலகையை முன்வரிசையில் ஒருவர் பிடிக்க வேண்டும். அந்தப் படம் எங்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். பெரிய கம்பெனி வருடா வருடம் கொடுக்கிற பாதுகாப்புக் கேடயத்தின் மேல் பாஸுக்கு ஒரு கண். அதனால் படம் போன மறு நிமிடமே அவரிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்து விழும். சம்பளத்துக்கு இல்லாத வேகம் அதற்கு இருந்தது.

மூன்றாம் மாதம் எங்கள் முகமெல்லாம் இழவு வீட்டுக்குப் போய்வந்த மாதிரி ஆகிவிட்டது. படம் எடுக்கும்போது ஒருவரும் பல்லைக் காட்டவில்லை. சந்திரன் அண்ணன் போனைத் தாழ்த்திவிட்டு எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சிரிங்க லா, சேஃப்டி போட்டோல சோகமா நின்னா யாருக்கோ ஆக்சிடென்ட் ஆயிடுச்சின்னு நினைச்சிடுவாங்க."

எட்டு மணி நேரச் சாம்பார்

சம்பளம்தான் வரவில்லை, சாப்பாடு வந்தது. அதுதான் பெரிய கஷ்டம். கிராஞ்சியில் எங்கள் விடுதிக்கு விடியுமுன்னே கேட்டரிங் வண்டி வந்து காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாகவே இறக்கிவிட்டுப் போகும். சோறு ஒரு பொட்டலம், சாம்பார் ஒரு பிளாஸ்டிக் பையில். லாரியில் எங்களோடு அதுவும் ஏறும், தளத்தில் எங்களோடு அதுவும் வெயில் காயும். மதியம் பன்னிரண்டுக்கு முடிச்சை அவிழ்த்தால், சாம்பார் பெருமூச்சு விடும். இந்தச் சாப்பாட்டுக்கு மாதா மாதம் சம்பளத்தில் பிடித்தம் உண்டு. சம்பளமே வராத மாதத்திலும் பிடித்தம் மட்டும் சம்பளச் சீட்டில் ஒழுங்காக ஏறியிருந்தது.

எங்களில் மூத்தவர் கருப்பையா அண்ணன். ஐம்பது வயது, சிவகங்கைப் பக்கம். நன்றாகச் சாப்பிடுகிற மனிதர், சாப்பாட்டைக் குறை சொல்வது பாவம் என்று நினைக்கிறவர். அவரே ஒருநாள் சாம்பார்ப் பையை அவிழ்த்து, மூக்கருகில் கொண்டுபோய், மறுபடி முடிச்சுப் போட்டு ஓரமாக வைத்துவிட்டார். என்ன அண்ணே என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல தம்பி, அதுக்கும் இன்னைக்கு உடம்பு சரியில்ல போல."

அமெரிக்காவின் பழைய பட்டாளம்

எங்களில் ரமேஷ் என்று ஒருவன், டிப்ளமா படித்தவன். பெயரே டிப்ளமா ஆகிவிட்டது. கிராஞ்சியிலிருந்து தளத்துக்குப் போகிற லாரியில் எல்லாரும் தூங்குவோம், அவன் மட்டும் போனில் எதையாவது படிப்பான். ஒருநாள் எங்களைத் தட்டி எழுப்பி ஒரு கதை சொன்னான். அமெரிக்கா விடுதலைக்காக வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட காலத்தில், அந்தச் சிப்பாய்களுக்கே மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லையாம். சாப்பாடும் சரியாக இல்லையாம். பனியில் காலுக்குச் செருப்பில்லாமல் நடந்தார்களாம். சில படைப்பிரிவுகள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியோடு அதிகாரிகளுக்கு எதிராகவே கிளம்பிவிட்டனவாம்.

எங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. தலையில் ஹெல்மெட், காலில் பூட்ஸ், காலையில் வரிசை, பொட்டலச் சோறு. துப்பாக்கி ஒன்றுதான் நம்மிடம் குறைச்சல் என்று யாரோ சொன்னார்கள். கருப்பையா அண்ணனுக்குக் கதையின் நடுப்பகுதியில் அக்கறையில்லை. கடைசியில் சம்பளம் கொடுத்தார்களா, அதைச் சொல் என்றார். நிறையப் பேருக்குக் கையில் காசு வரவில்லை, பிறகு தருகிறோம் என்று பத்திரம்தான் எழுதிக் கொடுத்தார்கள் என்றான் டிப்ளமா. அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு மறுபடி சாய்ந்தார்.

"பரவால்ல, அவங்களுக்குப் பத்திரமாவது குடுத்திருக்காங்க."

முதலாளிக்கு முதல் பந்தி

சிங்கப்பூரில் எங்கள் ஆட்கள் வேலை செய்கிற தளமென்றால் ஆயுத பூஜை உண்டு. சீன முதலாளிகளும் வருவார்கள்; பூசணிக்காய் உடைத்தால் விபத்து வராது என்பதில் அவர்களுக்கு எங்களைவிட நம்பிக்கை அதிகம். அந்த வருடம் டெக்கா மார்க்கெட்டில் எலுமிச்சையும் வாழை இலையும் கடனுக்கு வாங்கினோம். கட்டுக்கம்பிக் கொக்கிகளையும் கட்டர்களையும் கழுவி அடுக்கிக் குங்குமம் வைத்தோம். பாஸ் புதுச் சட்டையில் வந்தார். பெரிய கம்பெனியின் பெண் மேனேஜரையும் பெருமையாகக் கூட்டி வந்திருந்தார். கேடயம் யாருக்கு என்று முடிவு செய்வது அந்த அம்மாள்தான்.

பூஜை முடிந்ததும் விருந்தாளிக்குச் சாப்பாடு போடாமல் அனுப்புவது நம் வழக்கமில்லை. இரண்டு பேரையும் நாற்காலியில் உட்காரவைத்து இலை போட்டோம். தண்ணீர் தெளித்தோம். பிறகு கருப்பையா அண்ணன் பணிவாகக் குனிந்து, எங்களுக்கு விடியுமுன் வந்த அதே பொட்டலத்தைப் பிரித்து இலையில் கவிழ்த்தார். சாம்பார்ப் பையை அவிழ்த்து அளவாக ஊற்றினார். நாங்கள் பதினெட்டுப் பேரும் கை கட்டி நின்றோம். வாசனை எழுந்தது. மேனேஜர் அம்மாள் பக்கத்தில் இருக்கும்போது பாஸால் எழுந்திருக்கவும் முடியவில்லை. ஒரு வாய் வைத்தார். அந்த வாயை அவர் விழுங்கியதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம், சொல்லக் கூடாது, வயிறு நிறைந்துவிட்டது.

மறுவாரமே மதியச் சாப்பாடு தனி வண்டியில், பதினோரு மணிக்கு மேல், சூடாக வந்தது. பூஜை அன்றைக்கு அந்த அம்மாள் சோற்றை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு பாஸைத் திரும்பிப் பார்த்துக் கேட்டது இவ்வளவுதான்:

"யுவர் மென் ஈட் திஸ், எவ்ரி டே?"

சாட்சி எங்கே?

சாப்பாட்டில் ஜெயித்ததும் எங்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. அதுவரை சம்பளத்தைக் கேட்டால் முதலில் ஊருக்கு விமான டிக்கெட்தான் வரும் என்று பயந்திருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், ஊழியர்களுக்கு இலவசமாக உதவுகிற ஒரு மாடி அறைக்குப் படியேறினோம். அங்கே லதா அக்கா இருந்தார். வார நாளில் ஒரு கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை எங்களைப் போன்றவர்களுக்கு மனு எழுதுகிற வேலை. எழுதிக் கொடுத்தார், சம்பளப் புகார் வாங்குகிற அரசு அலுவலகத்தில் போட்டோம். பாஸ் பதில் சொன்னார். மூன்று மாதத்தில் பாதி நாள் வேலையே நடக்கவில்லையாம், நாங்கள் விடுதியில் படுத்துத் தூங்கினோமாம். அதற்கு ஏற்றமாதிரி நேர அட்டைகளும் அவரிடம் இருந்தன.

வேலை செய்ததற்கு ஆதாரம் என்ன இருக்கிறது என்று லதா அக்கா கேட்டார். கான்கிரீட்டை உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன், அவ்வளவு கோபம் எனக்கு. டிப்ளமாதான் துள்ளி எழுந்தான். காலையில் எடுத்த சிரிப்புப் படங்கள்! பதினேழு பேரும் போனை எடுத்தோம். ஒருவரிடமும் இல்லை. வீட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் வீடியோவுக்கு இடம் வேண்டுமென்று, பாதுகாப்புப் படங்களை அன்றன்றைக்கே அழித்திருந்தோம். நானும்தான். குழுவையும் பாஸ் முந்தின வாரமே கலைத்துவிட்டார். சந்திரன் அண்ணன் வைத்திருந்தது கம்பெனி போன். மல்லிகாவிடம் என்ன சொல்வது என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

அப்போது மூலையில் கருப்பையா அண்ணன் தன் போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்தப் போனைத் திறந்துவிட்டு டீ குடித்து வரலாம், அவ்வளவு மெதுவாகத் திறக்கும். அதற்காக அவரைக் கிண்டல் செய்யாத நாளில்லை. ஒரு வழியாகத் திறந்தது. ஆயிரக்கணக்கில் படங்கள். ஒரு நாள் விடாமல் அத்தனையும் இருந்தன. தேதிப் பலகையோடு, பதினெட்டு ஹெல்மெட்டோடு, ஒவ்வொன்றின் கீழும் பாஸின் கட்டைவிரலோடு. குழு கலைந்தாலும் பேச்சு இவர் போனில் அப்படியே இருந்தது. எப்படி அண்ணே இத்தனையையும் பத்திரமாக வைத்தீர்கள் என்று லதா அக்கா ஆச்சரியப்பட்டார். அண்ணன் கூச்சத்தோடு நெளிந்தார்.

"அழிக்கறதுக்கு எதை அமுக்கணும்னு எனக்குத் தெரியாதும்மா, இவனுககிட்ட கேட்டா சிரிப்பானுக."

அவருடைய விரல்

இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுகிற அதிகாரி ஓர் இளம்பெண். மேசைக்கு ஒரு பக்கம் பாஸ், நேர அட்டைகள். மறு பக்கம் கருப்பையா அண்ணன், நான், கருப்பையா அண்ணனின் போன். லதா அக்கா படங்களையெல்லாம் அச்சடித்தும் எடுத்து வந்திருந்தார். பாஸின் நேர அட்டையில் இல்லாத ஒரு தேதியைச் சொல்வார் அதிகாரி. நான் அந்தத் தேதிப் படத்தை எடுத்து வைப்பேன். அடுத்த தேதி, அடுத்த படம். கம்பி அடுக்குகிற மாதிரி வரிசையாக அடுக்கினேன். ஆறாவது படத்தில் பாஸ் தண்ணீர் கேட்டார்.

அது பழைய படமாக இருக்கும், தேதியை மாற்றி எழுதியிருப்பார்கள் என்று ஒரு கடைசி முயற்சி செய்தார். அதிகாரி அச்சுத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, கருப்பையா அண்ணனின் போனை வாங்கினார். அது திறக்கிற வரைக்கும் மூன்று நிமிடம் எல்லாரும் பொறுமையாகக் காத்திருந்தோம். திறந்ததும் படத்துக்குக் கீழே, அன்றைய தேதியில், பாஸின் பெயரோடு இருந்த அந்த மஞ்சள் பொம்மையைச் சுட்டிக் காட்டினார். குரலை உயர்த்தவேயில்லை.

"சார், திஸ் தம்ப் இஸ் யுவர்ஸ், ரைட்?"

பதினெட்டு மணிச் சத்தம்

பணம் வந்த அன்று நாங்கள் லாரியில் திரும்பிக்கொண்டிருந்தோம். முதலில் டிப்ளமாவின் போன் மணியடித்தது. பிறகு என்னுடையது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக, கோயில் பூசை மாதிரி. மூன்று மாதச் சம்பளம், ஓவர்டைம் உட்பட, ஒரு காசு குறையவில்லை. கருப்பையா அண்ணன் போன் மட்டும் அமைதியாக இருந்தது. விடுதி வாசலில் லாரி நிற்கும்போது அதுவும் ஒரு வழியாக அடித்தது. பதினெட்டுப் பேரும் போட்ட கூச்சலில் காவலாளி ஓடி வந்தார். நான் அழுதேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்தவனும் அழுதுகொண்டிருந்தான்.

அந்த ஞாயிறு சிராங்கூன் ரோட்டில் ஒரு கடையில் பதினெட்டுப் பேரும் இலைச் சாப்பாடு சாப்பிட்டோம். கருப்பையா அண்ணன் சாம்பாரை மட்டும் நான்கு முறை கேட்டு வாங்கினார். சந்திரன் அண்ணனையும் அழைத்திருந்தோம். பாஸ் பக்கத்து ஆள் என்று நாங்கள் அதுவரை அவரிடம் வாயைத் திறந்ததில்லை. அவர் பாயசத்தைக் கிண்டிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார்.

"எனக்கும் ரெண்டு மாசம் பே வரல லா, சொல்லியிருந்தா நானும் போட்டோல வந்து நின்னிருப்பேன்."

அதற்கடுத்த ஞாயிறு அவரையும் கூட்டிக்கொண்டு லதா அக்காவிடம் படியேறினோம், பிறகு அவருக்கும் சம்பளம் வந்துவிட்டது.

எங்கள் வீட்டுத் தளம்

ஊருக்குப் பணம் அனுப்பிய கையோடு தளம் போடுகிற நாளும் குறித்தாயிற்று. வீடியோவில் பார்த்துக்கொண்டு நின்றேன். மல்லிகா போனைப் பிடித்திருந்தாள். எனக்குத் தொழில் புத்தி போகுமா? கம்பி இடைவெளியைக் காட்டு, முறுக்கைக் காட்டு என்று அதிகாரம் செய்தேன். தூண் மேலே நீட்டிய கம்பிகளைப் பார்த்தபோதுதான் பேச்சு நின்றது. அத்தனை மாதம் மழையில் நின்றவை, துருவே இல்லை. சாம்பல் வெளுப்பாக, தண்ணீரில் கரைத்த சிமெண்ட் பால் பூசி, சாக்கு சுற்றி வைத்திருந்த தடம் தெரிந்தது. யார் செய்தது என்று கேட்டேன். ராசு தம்பிதான், மழை வருகிற போதெல்லாம் தானாக வந்து பார்த்துவிட்டுப் போகும் என்றாள் மல்லிகா.

கூலியே கொடுக்காதவன் வீட்டுக் கம்பியை ஏன்டா காப்பாற்றினாய் என்று ராசுவிடம் கேட்டேன். பாக்கியை அன்று காலையில்தான் மல்லிகா அவன் கையில் கொடுத்திருந்தாள். ஆயுத பூஜையில் பாஸ் விழுங்கிய அந்த ஒரு வாய் இப்போது என் தொண்டையில் நின்றது. ராசு போனை வாங்கி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, குற்றம் சொல்கிற குரலே இல்லாமல் சொன்னான்.

"சிமெண்ட் பால் அடிச்சு அடிச்சு உங்களுக்குப் படம் அனுப்பிட்டுத்தானேண்ணே இருந்தேன், நீங்களும் கட்டைவிரல் போட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க."

கம்பி முறுக்கி என் பத்து விரலும் காய்த்துப்போய்விட்டன, ஆனாலும் கட்டைவிரலை மட்டும் இப்போதெல்லாம் காசு இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தூக்குகிறேன்.